போன் வரும் வரைக்கும்

காந்தி ரோட்டில் கடைப்பலகைகள் வங்காளம் பேசும்.
மருந்துக் கடை, மீன்குழம்பு மெஸ்,
பாபுராவ் தெருவில் அடுப்போடு நாள் வாடகை அறை.
அங்கேதான் கற்றுக்கொண்டேன்:
ஜோல் என்றால் தண்ணீர்.
பாலோ என்றால் நல்லது.
பயத்துக்கு அவர்கள் சொல்வது பொய்.
பொய் நேய் என்றால் பயமில்லை.
என் காதில் இன்றுவரை
பொய்யில்லை என்றுதான் விழுகிறது.

கோட்டை வாசலில் ஆட்டோ சம்பத்து:
'இன்னாக்கா, இன்னிக்கி பார்ட்டி கீதா?'
கீது.
ஒற்றை ஆள். முர்ஷிதாபாத். நிகில் மண்டல்.
மனைவியை ஏழு மணிக்கு
ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்களாம்.
நான்கு மணி நேரமோ, ஆறோ.
வெளியே போட்டிருக்கும் நாற்காலியில்
உட்கார முடியவில்லையாம்.
'எதையாவது காட்டுங்கள்.
போன் வரும் வரைக்கும் பேசிக்கொண்டே இருங்கள்.'

என் கழுத்தில் அட்டை:
சி. கோமளா, அனுமதி பெற்ற சுற்றுலா வழிகாட்டி.
படத்தில் எனக்கு இன்னும் இருபத்தாறு வயது.

ஆரம்பித்தேன்.
அகழியில் ஒரு காலத்தில் முதலைகள் இருந்ததாம்.
பத்தாயிரம் என்பார்கள். நான் நிறைய என்பேன்.
பார்க்காததை எண்ணிச் சொல்லும் பழக்கமில்லை.
கல்யாண மண்டபத்து யாளி வாய்,
விதானத்தில் தலைகீழாய்க் கிளிகள்,
பூட்டிய மசூதி முன் கொஞ்சம் தாழும் என் குரல்,
திப்புவின் பிள்ளைகளை அடைத்து வைத்த மகால்.
ஆயிரத்து எண்ணூற்று ஆறு, ஜூலை பத்து,
விடியலுக்கு முன்.
இங்கே எப்போதும் கையை உயர்த்துவேன்:
சிப்பாய்கள், துப்பாக்கி, கொடி ஏறியது.
எத்தனை பேர் செத்தார்கள் என்ற வரி
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்,
பதினான்கு வருஷத்தில் முதல் தடவை.
'அப்புறம்?' என்றார்.
'அப்புறம் மதியம் ஆயிற்று.'

பதினொன்றேகாலுக்குச் சரித்திரம் தீர்ந்துபோனது.
போன் வரவில்லை.
சுட்ட அப்பளத்தை ஏந்துவதுபோல்
அதை உள்ளங்கையில் வைத்திருந்தார்.

வேறு சிலர் இந்த இடத்தில் சுரங்கம் தோண்டுவார்கள்,
ஆரணி வரைக்கும், ஆற்காடு வரைக்கும்.
எனக்கு வராது.
அதனால் இதைக் காட்டினேன்:
இந்தப் படியில் எட்டாம் வகுப்பில்
என் செருப்பு அகழிக்குள் விழுந்தது.
இன்னொன்றைக் கையில் பிடித்தபடி
சைதாப்பேட்டை வரை வெறுங்காலில் போனேன்.
இந்த மரத்தடியில்
காட்பாடி ரயில்வே மாப்பிள்ளை கேட்டான்,
'கல்யாணத்துக்கு அப்புறமும் ஊர் சுத்துவியா?'
'இந்த ஊரைத்தானே சுத்தறேன்' என்றேன்.
எழுந்து போனான். டீக்காசு நான் கொடுத்தேன்.
இந்தக் கொத்தளத்தில் பரீட்சைக்குப் படித்தேன்,
தாஜ்மகால் பதினோரு பக்கம்.
இன்னும் பார்க்கவில்லை.
நாட்டைக் காட்டுகிறவள் நான்;
ஜோலார்பேட்டையைத் தாண்டியது இரண்டு தரம்.

மதில்மேல் நின்று பாலாற்றுப் பக்கம் கை நீட்டினேன்.
'ஜோல்?'
'நேய்.'
'எங்கள் ஆறு வீடுகளைத் தின்னும்' என்றார்.
'எங்களுடையது லாரி ஏறிப் போய்விட்டது.'
சிரித்தார்.
பல் தெரியச் சிரித்த அந்த நேரம் பார்த்து
போன் அடித்தது.

தள்ளிப் போய்ப் பேசினார். காற்று.
ஒரு சொல்லும் என்னிடம் வந்து சேரவில்லை.
பிறகு ஓடினார்.
முதுகை வைத்து
அது எந்த ஓட்டம் என்று சொல்ல
எந்தப் பயிற்சியிலும் கற்றுத்தரவில்லை.
'பொய் நேய்!' என்று கத்தினேன்.
எந்த மொழியில் கத்தினேனோ.

இரண்டு மணிக்கு குடியாத்தம் பள்ளிக்கூடம்,
அறுபது பிள்ளைகள், மூன்று டீச்சர்.
அகழி ஓரம் ஒரு பையன் கையைத் தூக்கினான்.
'மிஸ், முதலை எத்தனை?'

பத்தாயிரம் என்றேன்.